மீதி 23 மணி நேரம்: குடும்பத்தோடு தங்க எந்தக் காடு?

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகளோடு ஏதாவது ஒரு காட்டில் இரண்டு இரவு தங்கிவிட்டு வரலாம் என்று நினைக்கிற குடும்பங்கள் எங்கள் திருப்பூரில் நிறைய உண்டு. தெப்பக்காடு, டாப்ஸ்லிப், சின்னார், பரம்பிக்குளம் ஆகிய நான்கும் விடியற்காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரத்தில் இருப்பவை. கடந்த ஆறேழு ஆண்டுகளில் நான்கிலும் நாங்கள் தங்கியிருக்கிறோம். நாங்கள் என்றால் நான், கணவர், இப்போது ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், இரண்டாம் வகுப்பு மகன், முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் கூடவே வந்துவிடும் மாமியார்.

யோசனை கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எங்கே போனால் புலி தெரியும்?" என்பதுதான். அந்தக் கேள்வியை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வனத்துறை வேன் காட்டுக்குள் சுற்றிவருவது பெரும்பாலான இடங்களில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் புலி வருவதும் வராததும் புலியின் விருப்பம். மீதி 23 மணி நேரம் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள், யாரோடு பேசுவார்கள், காலாற நடக்க முடியுமா, இருட்டிய பிறகு என்ன கேட்கும் என்பதில்தான் நான்கு இடங்களும் வேறுபடுகின்றன.

அதற்கு முன் கூடாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கூடாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நினைத்த இடத்தில் அடிக்க நம் காடுகளில் வழியில்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் உயிரிழந்தபின் கட்டுப்பாடு இன்னும் கூடியது. அதனால் பலர் காட்டோரத்தில் தனியார் நிலங்களில் அடித்து வைத்திருக்கும் கூடாரங்களைத் தேடிப் போகிறார்கள். நாங்களும் ஒருமுறை அப்படி ஓர் இடத்துக்குப் போனோம். இரவு 11 மணி வரை ஒலிபெருக்கியில் பாட்டு, வேலியை ஒட்டி வரிசையாகப் பளிச்சென்ற விளக்குகள். தூங்கப் போகும் முன் மகள், "இங்கே மிருகம் எப்படி வரும்?" என்று கேட்டாள். மிருகம் வராமல் இருப்பதைவிட, வந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் தனியார் விடுதிக் கூடாரத்தில் தங்கியிருந்த ஓர் இளம்பெண் யானை தாக்கி இறந்தார். அதே மாதம் மசினகுடியில், தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானையின் மேல் எரியும் டயரை எறிந்தார்கள்; அந்த யானை புண்ணோடு அலைந்து செத்தது. மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் பீடபூமியின் யானை வழித்தடத்தில் இருக்கும் விடுதிகளுக்கு எதிரான சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்ததை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். யானை நடக்கிற வழியில் நாம் படுக்கக் கூடாது. ஆகவே கீழே சொல்லும் நான்கிலும் வனத்துறை நடத்தும் இடங்களை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில், தெப்பக்காடு இருக்கும் முதுமலை. பெயரிலேயே முதுமை இருக்கிறது. 1940இல் சரணாலயமாகி 2007இல் புலிகள் காப்பகமான காடு. முதல்முறையாகப் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு இதைவிட எளிதான இடம் கிடையாது. ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாக இறங்கினால் தெப்பக்காடு, அங்கிருந்து சிறிது தூரத்தில் மசினகுடி. சாலையில் போகும்போதே புள்ளிமான், மயில், அதிர்ஷ்டம் இருந்தால் யானை. நீலகிரி மாவட்டத்துக்குள் நுழைய 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதுமலையின் உயிர் என்று நான் சொல்வது தெப்பக்காட்டு யானை முகாமைத்தான். மாயாற்றில் குளித்துவிட்டு யானைகள் வரிசையாக வந்து நிற்கும். சமையல் கொட்டகையில் வேகவைத்த கேழ்வரகு, கொள்ளு, சோறு எல்லாவற்றையும் வெல்லமும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, மனிதத் தலையைவிடப் பெரிய உருண்டையாக உருட்டி, பாகன் யானையின் வாய்க்குள் கையைவிட்டு வைப்பார். ஒவ்வொரு யானைக்கும் உடம்புக்குத் தக்கபடி தனி அளவு. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த என் மாமியார், உருண்டையில் விரல் பதிந்த தடத்தைப் பார்த்துவிட்டு, "களி பதம் சரியாக இருக்கிறது, கையில் ஒட்டவில்லை" என்றார். அங்கே வேலை செய்த ஓர் அம்மாவோடு களி கிண்டும் கணக்கைப் பற்றி அவர் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக யானைகளோடு வாழும் இடம் அது. பாகர்கள் பேசும் பேச்சுக்கு யானை திரும்பிப் பார்ப்பதை ஒரு குழந்தை பத்தடி தூரத்தில் நின்று பார்க்கக் கிடைப்பது சாதாரண விஷயமில்லை.

வானத்தைப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொன்றும் இங்கே உண்டு. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு இன்னும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, இந்தியா முழுவதும் அந்த இனத்தைக் கிட்டத்தட்டத் துடைத்தெறிந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடைசெய்தார்கள். மிஞ்சிய சில இடங்களில் ஒன்றின் மேலே நாம் நிற்கிறோம் என்று தெரிந்தபின் வட்டமிடும் ஒரு பறவை வேறுவிதமாகத் தெரிகிறது.

குறை என்ன? சாலை. ஊட்டிக்கும் மைசூருக்கும் நடுவில் ஓடும் நெடுஞ்சாலைதான் இந்தக் காட்டின் முதுகெலும்பு. பகல் முழுவதும் வண்டிச் சத்தம். எல்லாரும் வழியில் இறங்கி, யானையைப் பார்த்து, வேனில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுநாள் ஊட்டிக்கோ மைசூருக்கோ கிளம்பிவிடுவார்கள். பக்கத்து அறையில் யார் தங்கியிருந்தார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. இரவுப் போக்குவரத்துத் தடை தொடங்கிய பிறகுதான் காடு வாய் திறக்கிறது. அப்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். நடப்பதற்கும் வழியில்லை. ஒரு நாளுக்கு முதுமலை நிறைவானது. இரண்டாம் நாள் பிள்ளைகளுக்கு வேலையிருக்காது.

அடுத்தது டாப்ஸ்லிப். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக ஏறினால் வருகிற ஆனைமலைக் காடு. பிரிட்டிஷ் காலத்தில் வெட்டிய தேக்குகளை மலை உச்சியிலிருந்து சரிவில் வழுக்கிவிட்டதால் வந்த பெயர். அப்படி வெட்டி வெட்டி மொட்டையான மலையை மறுபடியும் காடாக்கியவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. மரத்தை வேரோடு எடுக்காமல் அடியை விட்டு வெட்டித் துளிர்க்கவிட்டார். போகிற இடமெல்லாம் கைத்தடியால் குழி போட்டுப் பையிலிருந்த தேக்கு விதையை இடுவார் என்று இன்றும் அங்கே சொல்வார்கள். 1933இல் இறந்த அவரை அங்கேயே தேக்குகளின் நடுவில் புதைத்திருக்கிறார்கள். கல்லறையில் லத்தீனில் ஒரு வரி இருக்கிறது: நினைவுச் சின்னம் தேடுகிறாய் என்றால், சுற்றிப் பார். என் மகள் உண்மையாகவே ஒரு முறை சுற்றிப் பார்த்தாள்.

முதியவர்களோடு வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு டாப்ஸ்லிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். இங்கே நாம் மிருகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. விடுதிகளின் நடுவில் இருக்கும் புல்வெளிக்குச் சாயங்காலம் மான்கள் தாமாக வரும், காட்டுப்பன்றி குட்டிகளோடு வரும், சில நாள் காட்டுமாடும் வரும். (செய்தித்தாள்களில் காட்டெருமை என்று எழுதுகிறார்கள், அது எருமை இனமில்லை, மாட்டினம்தான். முழங்கால்வரை வெள்ளைக் காலுறை போட்டதுபோல இருக்கும் கால்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பிறகு மறக்கவே மாட்டார்கள்.) மாமியார் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே நாங்கள் வேனில் பார்த்ததைவிட அதிகம் பார்த்துவிட்டார். இரவில் டார்ச் அடித்தபோது புல்வெளி முழுக்கப் பச்சைப் பச்சையாகக் கண்கள். மனிதர் இருக்கும் இடத்துக்குச் சிறுத்தை அவ்வளவு துணிந்து வராது என்று மான்கள் வீடுகளை ஒட்டிப் படுத்திருந்தன.

பகலில் வந்து அன்றே திரும்பிவிடும் சுற்றுலாக் கூட்டம் அதிகம். விடுமுறை நாளில் பொள்ளாச்சிச் சந்தையே மேலே வந்துவிட்டது போலிருக்கும். அவர்கள் இறங்கிப் போனபிறகு மிஞ்சுகிற சில குடும்பங்கள் ஒன்றாகச் சாப்பிடும்போது பேச்சு கூடும். ஆனால் அது சாப்பாட்டோடு முடிகிற பழக்கம். கோழிகமுத்தி யானை முகாமும் உண்டு. மலசர் பாகர்கள் பெயர் பெற்றவர்கள். செலவு நான்கிலும் குறைவாக வருவதும் இங்கேதான்.

சின்னார் வேறு உலகம். உடுமலையிலிருந்து மூணாறு போகிற வழியில் ஒன்பதாறு சோதனைச்சாவடியைத் தாண்டியதும் கேரள எல்லை, அங்கேதான் தொடக்கம். மேற்கு மலைத்தொடரின் மழைமறைவில் இருப்பதால் கேரளத்துக்குள் இருந்தாலும் இது முள்மரக் காடு. 90 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத நரை அணிலும் நட்சத்திர ஆமையும் இங்கே உண்டு. தென்மேற்குப் பருவமழையில் மற்ற மூன்று இடங்களிலும் அட்டை காலில் ஏறும் மாதங்களில்கூடச் சின்னாரில் காய்ந்த தரையில் நடக்கலாம்.

நடப்பதுதான் சின்னார். வேன் சுற்று என்று ஒன்றைத் தேடாதீர்கள். காட்டுக்குள் இருக்கும் குடிலுக்குச் சாலையிலிருந்து நடந்தே போக வேண்டும். கூட வருகிற மலைவாழ் மக்கள்தான் வழிகாட்டி, சமையல்காரர், காவலர் எல்லாம். முத்துவர், மலைப்புலையர் குடிகளைச் சேர்ந்தவர்கள். எங்களோடு வந்தவர் அதிகம் பேசாதவர். ஒரு பாறையில் கிடந்த எச்சத்தைக் குச்சியால் கிளறி, உள்ளே இருந்த கொட்டைகளை எடுத்து மகள் கையில் வைத்து, "கரடி" என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு மகள் அவரைவிட்டு ஓரடி விலகவில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நின்று பார்த்து, சிறிது மண்ணை எடுத்துத் தூவி, அதன்பிறகே வளைவில் திரும்புவார். இரவு அவர் சமைத்த சோற்றோடு கொள்ளுத் துவையல். பாம்பாற்றின் சத்தம், கீழே எங்கேயோ யானை மூங்கிலை ஒடிக்கும் சத்தம்.

நான்கில் எனக்கு மிகவும் பிடித்த இரவு அதுதான். ஆனால் அந்தப் பயணத்துக்கு மாமியார் வரவில்லை, வரமுடியாது. மகனுக்கு அப்போது ஐந்து வயது. பாதி வழியில் கணவரின் தோளில்தான் இருந்தான். குடிலில் எங்களைத் தவிர வேறு குடும்பம் இல்லை. 12 வயதைத் தாண்டிய பிள்ளைகள், நடக்கத் தயாரான பெற்றோர், தனிமையை விரும்புகிறவர்கள் என்றால் சின்னாரைவிட நல்ல இடம் கிடையாது. திரும்பும்போது மறையூரில் முனியறைகள் எனப்படும் பெருங்கற்காலக் கல்லறைகளைப் பார்த்துவிட்டு, ஆலைகளில் சூடாகக் கிடைக்கும் வெல்லத்தையும் வாங்கிக்கொள்ளலாம்.

இனிப் பரம்பிக்குளம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

இது பாலக்காடு மாவட்டம், கேரளம். ஆனால் போவதற்கு வழி தமிழ்நாட்டின் வழியாகத்தான். பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் தாண்டி ஆனப்பாடிச் சோதனைச்சாவடிக்கு வந்தால் பலகைகள் மலையாளத்துக்கு மாறும். உள்ளே இருக்கும் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகளோ பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் கீழ்த் தமிழ்நாடு பராமரிப்பவை. கோவை, திருப்பூர் மாவட்டங்களின் வயல்களுக்கு வருகிற தண்ணீர் இந்தக் காட்டில் நிறைந்து வருவதுதான். எங்கள் பக்கத்து விவசாயிகள் பி.ஏ.பி. தண்ணீர் என்று சொல்கிற அந்தத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். 1907 முதல் சாலக்குடி வரை மரம் ஏற்றிப் போன டிராம் பாதை இந்தக் காட்டில்தான் தொடங்கியது. அத்தனை வெட்டுக்கும் தப்பி நிற்கிற ஒரு மரம் கன்னிமாரா தேக்கு. சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர். மூன்று குடும்பத்துப் பிள்ளைகள் ஐந்து பேரும் கைகோத்து நின்றார்கள். ஒரு கை போதவில்லை. கணவரும் போய்ச் சேர்ந்து நின்றபிறகுதான் வளையம் முடிந்தது.

மூன்று குடும்பம் என்று சொன்னேன். பரம்பிக்குளத்தின் தனிச்சிறப்பு அதுதான். இங்கே அறையை மட்டும் தனியாக எடுக்க முடியாது. தங்குமிடம், சாப்பாடு, வேன் சுற்று, நடை, மூங்கில் தெப்பம், கூடவே ஒரு வழிகாட்டி எல்லாம் சேர்ந்த ஏற்பாடு. தூணக்கடவில் மரத்தின் மேல் குடில், அணை நடுவில் தீவில் ஒரு குடில், ஆனப்பாடியில் கழிப்பறையோடு கூடிய கித்தான் கூடாரங்கள். எங்களுக்குக் கிடைத்தது கூடாரம். மாமியாருக்குப் படியேற வேண்டிய தேவை இல்லை, கட்டில் இருந்தது, அத்தோடு பிள்ளைகளின் கூடார ஆசையும் தீர்ந்தது. பக்கத்துக் கூடாரங்களில் பாலக்காட்டிலிருந்து ஒரு குடும்பம், அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு குடும்பம். ஒரே வேன், ஒரே சாப்பாட்டு மேசை, ஒரே வழிகாட்டி. முதல் நாள் மதியம் பெரியவர்கள் புன்னகையோடு நிறுத்திக்கொண்டோம். பிள்ளைகள் அதற்குள் ஒன்றாகிவிட்டிருந்தார்கள்.

காரணம் ஒரு நோட்டுப்புத்தகம். என் மகள் பார்த்த மிருகங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். "கடமான்" என்று எழுதியதைப் பாலக்காட்டுச் சிறுமி எட்டிப் பார்த்துவிட்டு, அது "மிளாவு" என்றாள். தப்பு என்று இவள், சரி என்று அவள். அம்பாசமுத்திரத்து அம்மா குறுக்கிட்டு, "எங்க ஊரிலும் மிளா என்றுதான் சொல்வோம், கடமான் என்பது புத்தகத்தில் இருக்கும்" என்றார். அவ்வளவுதான், நோட்டில் மூன்று கட்டம் போட்டுவிட்டார்கள்: திருப்பூர், பாலக்காடு, அம்பாசமுத்திரம். மலை அணிலுக்கு நேரே "மலையண்ணான்" வந்தது. இருவாட்சிக்கு நேரே "வேழாம்பல்". காட்டுமாட்டுக்கு "காட்டுபோத்து". வழிகாட்டி காடர் குடியைச் சேர்ந்தவர்; மறுநாள் காலை அவருக்காக நான்காவது கட்டம் ஒன்று சேர்ந்தது. பிள்ளைகள் கேட்கக் கேட்க அவர் தங்கள் பேச்சில் பெயர் சொன்னார். எழுத்து இல்லாத அந்தப் பேச்சை ஒரு சிறுமி தமிழிலும் ஒரு சிறுமி மலையாளத்திலும் எழுதிக்கொண்டதை அவர் இரண்டு முறை வாங்கிப் பார்த்தார்.

இருவாட்சியை அவர்தான் காட்டினார். காட்டினார் என்பதைவிடக் கேட்கவைத்தார் என்று சொல்ல வேண்டும். நடந்துகொண்டிருந்தவர் கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். மரங்களுக்கு மேலே புகைவண்டி மூச்சு விடுவதைப் போல ஒரு சத்தம் நெருங்கி வந்தது. சிறகடிக்கும் சத்தம் அது. மஞ்சள் அலகும் அதன் மேல் தொப்பியுமாக ஓர் ஆண் இருவாட்சி கிளையில் வந்து அமர்ந்தது. பெண் பறவை பெரிய மரப்பொந்துக்குள் நுழைந்து வாயிலை அடைத்துக்கொள்ளும், ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும், குஞ்சு வளரும்வரை ஆண்தான் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும் என்று அவர் சொன்னதும், பாலக்காட்டுப் பையன் கேட்டான்: "அப்பாப் பறவை செத்துப்போனால்?" வழிகாட்டி உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "அதனால்தான் பெரிய மரத்தை யாரும் தொடக் கூடாது, பறவையையும் தொடக் கூடாது" என்றார். வாழச்சால் பக்கத்தில் காடர்களே இருவாட்சிக் கூடுகளைக் கண்காணித்துக் காத்து வருவதைப் பற்றியும் அவரே சொன்னார்.

இரண்டாம் இரவுதான் எல்லாம் கூடி வந்தது. மாமியார் வீட்டிலிருந்து பல்லாங்குழியைக் கொண்டுவந்திருந்தார், சோழிக்குப் பதில் புளியங்கொட்டை. கூடார வாசலில் விளக்கு வெளிச்சத்தில் அம்பாசமுத்திரத்துப் பாட்டியும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஆட்ட விதியில் ஊருக்கு ஊர் வேறுபாடு. காலியான குழியைத் தடவியபின் எதை எடுப்பது என்பதில் இருவருக்கும் வாக்குவாதம். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். திடீரென்று பக்கத்துக் காட்டில் ஒரு மிளா "டொங்க்" என்று கத்தியது. மறுபடியும் கத்தியது. வழிகாட்டி விளக்கைக் குறைக்கச் சொன்னார். புலியோ சிறுத்தையோ நடக்கிறது என்றார். ஐந்து பிள்ளைகளும் இரண்டு பாட்டிகளும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். எதுவும் கண்ணில் படவில்லை. மகன் என் கையை இறுகப் பிடித்திருந்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. புலியைப் பார்த்த குழந்தைகள் எத்தனையோ பேர் இருக்கலாம்; புலி நடக்கும்போது காடு அதைச் சொல்வதைக் கேட்ட பிள்ளைகள் இவர்கள்.

பரம்பிக்குளத்தின் குறைகளை மறைக்கக் கூடாது. நான்கிலும் செலவு கூடுதல் இதற்குத்தான். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டு இரவு என்றால் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கைப்பேசி பெரும்பாலும் எடுக்காது. பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் பொள்ளாச்சிக்குத்தான் இறங்க வேண்டும், மலைப்பாதையில் நேரம் பிடிக்கும். இதய நோய், மூச்சுத் திணறல் உள்ள பெரியவர்கள் இருந்தால் நான் டாப்ஸ்லிப்பையும் தாண்டிப் போகச் சொல்லமாட்டேன். அவர்களுக்குத் தெப்பக்காடே நல்லது, அங்கிருந்து கூடலூர் பக்கம். அணையில் முதலைகள் உண்டு, குளிக்கும் ஆசையை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். சாயங்காலத்துக்குமேல் சோதனைச்சாவடியில் உள்ளே விடமாட்டார்கள். இரண்டு மாநிலச் சாவடிகளிலும் பைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள், பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதற்காக அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். யானைச் சாணத்தில் பிஸ்கட் உறை இருப்பதை எங்கள் பிள்ளைகளே பார்த்திருக்கிறார்கள்.

பருவத்தைப் பற்றிச் சுருக்கமாக. டிசம்பர், ஜனவரியில் காடு பச்சையாக, குளிராக, அழகாக இருக்கும். மிருகம் புதருக்குள் மறைந்துகொள்ளும். மார்ச், ஏப்ரலில் அணைநீர் வற்றி, கரையில் இளம்புல் முளைத்து, யானைக் கூட்டம் வெளியே வரும். ஆனால் காட்டுத்தீக்குப் பயந்து நடைப்பாதைகளை மூடுவதும் அந்த மாதங்களில்தான். நடை வேண்டுமா, யானை வேண்டுமா என்று முதலில் தீர்மானித்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். அறை கிடைக்கிற நாளுக்கு ஏற்பக் காட்டைத் தேர்ந்தெடுத்துப் பிறகு வருத்தப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். கைக்குழந்தை, முதல் பயணம், ஒரே ஓர் இரவு: தெப்பக்காடு. முதியவர்களோடு, குறைந்த செலவில், உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும்: டாப்ஸ்லிப். வளர்ந்த பிள்ளைகளுக்குக் காட்டை வாசிக்கக் கற்றுத்தர வேண்டும், கூட்டம் வேண்டாம்: சின்னார், அதுவும் ஜூலை, ஆகஸ்டில். பிள்ளைகள் தனியாக வளர்கிறார்கள், கைப்பேசியைவிட்டுத் தலை நிமிரமாட்டேன் என்கிறார்கள், வேற்றூர்ப் பிள்ளைகளோடு அவர்கள் பழக வேண்டும் என்று நினைக்கிற பெற்றோர் பணத்தைச் சேர்த்துவைத்தாவது பரம்பிக்குளத்துக்குப் போங்கள். ஓர் இரவு போதாது. முதல் இரவு அறிமுகத்துக்கே சரியாகப் போய்விடும்.

நாங்கள் இந்த ஆண்டு எங்கே போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரத்துக் குடும்பம், தங்கள் ஊர்க் காட்டைப் பார்க்காமல் பேசக் கூடாது என்று சண்டை போட்டு எங்களை அழைத்திருக்கிறது. களக்காடு–முண்டந்துறை, 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. பாலக்காட்டுக் குடும்பமும் வருகிறது. அந்தக் காட்டில் தங்குவதற்கு என்ன வசதி, மாமியாரின் முழங்காலுக்கு அது ஒத்துவருமா என்பதை அங்கே வீடு வைத்திருப்பவர்களே விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். பல்லாங்குழியை இந்தமுறை அந்த வீட்டிலிருந்தே கொண்டு வருவதாகவும், ஆட்டம் அவர்கள் ஊர் விதிப்படிதான் நடக்கும் என்றும் அந்தப் பாட்டி போனில் சொல்லிவிட்டார்.